எந்தப் படப்புத்தகத்திலாவது கருவாடு காய்கிறதா?

கேள்வி: மதுரை செல்லூரில் இருக்கிறோம். கணவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி. பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். முன்பு தறி நெய்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பாப்பாவுக்கு நிறைய ஆங்கிலப் படப்புத்தகங்கள் வாங்கினேன். போன வாரம் ‘நம்ம குடும்பத்தை வரை’ என்றால், வீட்டுக்குப் புகைபோக்கி வைத்து, அப்பத்தாவுக்கு மஞ்சள் முடியும் மூக்குக் கண்ணாடியும் போட்டு வரைந்தாள். மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் குடும்பம், நம் கலாச்சாரத்தைச் சொல்கிற தமிழ்ப் படப்புத்தகங்கள் இருக்கின்றனவா? நான் வாங்கிய இரண்டு தமிழ்ப் புத்தகங்களும் வெறும் நீதிக்கதை. மாமியார் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார். பாப்பாவோ நான் வாசிப்பதைக் கேட்காமல் படத்தைப் பார்த்துத் தானாகவே கதை விடுகிறாள். ‘இப்படியே விட்டால் எழுத்து வராது, ஃபோனிக்ஸில் சேர்’ என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அடுத்த மாதம் அவளுடைய பிறந்தநாள். வருகிற பிள்ளைகளுக்குப் புத்தகமே கொடுக்கலாமா?
— மதுரை வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் படம். புகைபோக்கி வைத்த வீட்டுக்காகக் கவலைப்படாதீர்கள். முக்கோணக் கூரை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன், ஓரத்தில் ஒரு மரம் எல்லாம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையிலிருந்தே வந்துவிடும். ஒரு ஆங்கிலப் புத்தகத்தைக்கூடப் பார்க்காத பிள்ளைகளும் அதே வீட்டைத்தான் வரைகிறார்கள். மஞ்சள் முடி மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். தினமும் சோறு ஊட்டுகிற அப்பத்தா பக்கத்திலேயே இருக்க, புத்தகத்தில் வருகிற பாட்டியை வரைகிறாள் என்றால், படம் என்று வந்துவிட்டால் பாட்டிகள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் வளர்ந்து, தன் வீடு படத்தில் வருகிற மாதிரியான வீடு இல்லை என்று அவள் முடிவு கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிட்டீர்கள், நல்லது.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 1962இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற ஓவியர் ஒரு படப்புத்தகம் போட்டார். பனி பெய்த காலையில் ஒரு கறுப்பினச் சிறுவன் வெளியே போகிறான், பனியில் காலடித் தடம் பதிக்கிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அது உருகிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அவன் என்ன நிறம், என்ன இனம் என்று எழுத்தில் ஒரு சொல் கிடையாது. அவன் யாருக்கும் பாடம் சொல்லவும் இல்லை. அந்த நாட்டில் படப்புத்தகங்களுக்குக் கொடுக்கப்படும் பெரிய விருதான கால்டிகாட் பதக்கம் 1963இல் அதற்குக் கிடைத்தது. அதுவரை அங்கே படப்புத்தகத்தில் கறுப்பினக் குழந்தை வந்தால் பெரும்பாலும் கேலிக்கோ, அனுதாபத்துக்கோதான் வரும். இந்தப் பையன் சும்மா விளையாடினான். பிற்பாடு 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர், புத்தகம் ஒரு குழந்தைக்குத் தன்னைப் பார்த்துக்கொள்கிற கண்ணாடியாகவும் மற்றவர்களைப் பார்க்கிற ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். குழந்தைகள் புத்தகத் தொழிலில் இருப்பவர்கள் இன்றைக்கும் அடிக்கடி மேற்கோள் காட்டுகிற கட்டுரை அது. உங்கள் மகளிடம் இப்போது ஜன்னல்கள் நிறைய இருக்கின்றன. கண்ணாடிதான் இல்லை.

சரி, கண்ணாடியை எங்கே வாங்குவது? இங்கேதான் உங்களை ஒரு விஷயத்தில் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ‘நம் கலாச்சாரத்தைச் சொல்கிற புத்தகம் கொடுங்கள்’ என்று கடையில் கேட்டால் எடுத்து நீட்டுவது எது என்று எனக்குத் தெரியும். அட்டையில் பொங்கல் பானை, வாசலில் கோலம், பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி, பின்னால் ஒரு மாட்டு வண்டி. தினசரி காலண்டரில் வருகிற படம்தான், பக்கம் மட்டும் கூடுதல். பண்டிகைப் புத்தகம் கூடாது என்று சொல்லவில்லை. பொங்கல் சமயத்தில் எடுத்துப் பார்க்க ஒன்று இருக்கட்டும். ஆனால் பொங்கல் வருஷத்துக்கு மூன்று நாள், நாலு நாள். மீதி நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அதிலும் கலாச்சாரம் இருக்கிறது. சொல்லப்போனால் அதில்தான் கூடுதலாக இருக்கிறது. அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறது, தண்ணீர் வருகிற நாளில் தெருவே குடத்தோடு நிற்கிறது, ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் போகிறது, கரண்ட் போனதும் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறுகிறது, கடையை அடைத்துவிட்டு அப்பா பரோட்டாப் பொட்டலத்தோடு வருகிறது. இந்த மாதிரி ஒரு பக்கத்தைப் பார்த்தால்தான் பாப்பா ‘ஏய், நம்ம வீடு மாதிரியே இருக்கு’ என்று கத்துவாள். பொங்கல் பானைக்குக் கத்த மாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. ‘நம்’ என்று சொல்லும்போது அதில் யாருடைய வீடு வருகிறது? படப்புத்தகங்களுக்குப் பதிப்பாசிரியராக வேலை பார்ப்பதால், ஓவியங்கள் முதலில் என் மேசைக்கு வரும். ‘தமிழ்க் குடும்பம்’ என்று எழுத்தில் இருந்தால், வரைகிறவர்கள் முதல் வரைவில் கிட்டத்தட்ட ஒரே வீட்டைத்தான் வரைந்து அனுப்புகிறார்கள். நடு முற்றம், ஊஞ்சல், துளசி மாடம், தூணில் சாய்ந்த தாத்தா, வாழையிலையில் சாம்பார். அப்படிப்பட்ட வீடுகள் உண்டுதான். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊஞ்சல் கட்டிய முற்றத்து வீட்டில் வளர்கிறார்கள்? ஹவுசிங் போர்டு குடியிருப்பு எங்கே? ஒற்றை அறை வீட்டில் பாயைச் சுருட்டி வைத்தால் பகல், விரித்தால் ராத்திரி என்று வாழ்கிற குடும்பம் எங்கே? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசை, நோன்புக் கஞ்சித் தூக்குவாளி, மாதா கோயில் சப்பரம், இதெல்லாம் எங்கே? ஒரு படப்புத்தகத்திலாவது மொட்டை மாடியில் கருவாடு காய்கிறதா என்று நான் தேடுவதுண்டு. காக்காய் வரும், பூனை வரும், காவலுக்குப் பேத்தி குச்சியோடு உட்கார்ந்திருப்பாள். கதைக்கு வேறென்ன வேண்டும்? சாப்பாட்டை வரைவதில் மட்டும் நம் படப்புத்தகங்களுக்கு ஏனோ இன்னும் கூச்சம் போகவில்லை.

நிறம் விஷயமும் இதே கதைதான். கறுப்பாக ஒரு பிள்ளையை அட்டையில் போட்டால், ‘கொஞ்சம் கலராப் போட்டிருக்கலாமே’ என்பது எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? புத்தகக் கண்காட்சியில் ஒரு கடைப் பக்கம் அரை மணி நேரம் நின்றாலே காதில் விழும். சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைச் சாதாரணமாக எடுத்துப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

தமிழில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் நம் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி. நமக்கு முதலில் வந்தவை சிறுவர் பத்திரிகைகள். அம்புலிமாமா 1947இல் தொடங்கியது. படங்கள் அழகாக இருக்கும், ஆனால் அது வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு. எழுத்தே தெரியாத மூன்று, நான்கு வயதுக் குழந்தை மடியில் வைத்துப் பார்க்கிற புத்தகம் நமக்குத் தாமதமாகத்தான் வந்தது. டெல்லியில் 1957இல் நேஷனல் புக் டிரஸ்ட் அமைந்தது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவர்கள் வழியாக மலிவு விலையில் கொஞ்சம் கிடைத்தது. மாஸ்கோவில் அச்சாகி என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் விற்ற ரஷ்யப் புத்தகங்கள் கொஞ்சம். அப்புறம் சென்னையிலேயே கீதா உல்ஃப் 1994இல் தாரா புக்ஸைத் தொடங்கினார், 1996இல் தூலிகா வந்தது. 2004இல் பெங்களூரில் பிரதம் புக்ஸ். பாரதி புத்தகாலயம் ‘புக்ஸ் ஃபார் சில்ட்ரன்’ என்ற பெயரில் நிறையப் போடுகிறது. வானம் பதிப்பகம் மாதிரிச் சிறிய பதிப்பகங்களும் இருக்கின்றன.

உங்களுக்கு எது ஒத்துவரும்? தூலிகாவில் ஆங்கிலத்தோடு சேர்த்து ஒன்பது மொழிகளில் புத்தகம் வருகிறது. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கிற இருமொழிப் பதிப்புகளும் உண்டு. ஆங்கிலமும் விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிற வீட்டுக்கு அது வசதி. சாதாரண வீடு, சாதாரண நாள் என்று நான் மேலே சொன்ன மாதிரிக் கதைகளை அங்கே தேடினால் கிடைக்கும். தாரா புக்ஸின் புத்தகங்களில் சில கையால் செய்த தாளில், திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்டிங்) ஒவ்வொரு பக்கமாக அச்சிட்டவை. இரவில் மரங்கள் எப்படி இருக்கும் என்று மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூன்று பேர் வரைந்து 2006இல் வந்த புத்தகம் ஒன்று உண்டு, கறுப்புத் தாளில் மரமெல்லாம் ஒளிரும். விலை அதிகம், வாங்கச் சொல்ல மாட்டேன். நூலகத்திலோ கண்காட்சியிலோ பார்த்தால் பாப்பாவுக்குக் காட்டுங்கள். பெரிய கண்ணும் ரோஜாக் கன்னமும் இருந்தால்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பது நாமாக நினைத்துக்கொள்வது.

காசு செலவழிக்காமல் ஆரம்பிக்க வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. 2015இல் தொடங்கியது. தமிழிலும் ஏராளமான கதைகள், இலவசம். இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், உரிமம் அதை அனுமதிக்கிறது. முதல் நிலைக் கதைகளாகப் பாருங்கள், பக்கத்துக்கு ஓரிரண்டு வரிதான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: யார் வேண்டுமானாலும் அங்கே மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழ் சில கதைகளில் அருமையாக இருக்கும், சிலவற்றில் நாக்கில் ஒட்டாது. பாப்பாவுக்குக் காட்டும் முன் நீங்கள் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். செல்போனில் காட்டுவதைவிட ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நடுவில் பின் அடித்துக் கொடுப்பது மேல். கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் பரவாயில்லை, அவளே கலர் அடித்துக்கொள்வாள்.

உங்கள் ஊரில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறந்தார்களே, அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வாரவிடுமுறையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையாலேயே எடுக்கவிடுங்கள். எந்தப் புத்தகத்தை மறுபடி மறுபடி எடுக்கிறாளோ அதை மட்டும் அப்புறம் வாங்கினால் போதும். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போதும் இதே வழிதான். பத்துப் புத்தகம் சேர்த்துக் கட்டி மலிவாக விற்கிறார்களே, வழவழ தாளில், அந்தக் கட்டுப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கடையில் நின்றுகொண்டே ஒரு புத்தகம் தேறுமா என்று பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன். எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் புரட்டுவேன். கதை ஓரளவு பிடிபட வேண்டும். அப்புறம் எழுத்தை வாசிப்பேன். படத்தில் ஏற்கெனவே தெரிகிறதையே எழுத்தும் திருப்பிச் சொன்னால் அந்தப் புத்தகத்தில் வேலை நடக்கவில்லை. ‘வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்’ என்று எழுதியிருக்க, படத்தில் பூனை உறிப் பாலை எட்டிப் பிடிக்கிறது என்று வையுங்கள். பெரியவர்கள் எழுத்தை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போவோம், குழந்தை கையைப் பிடித்து நிறுத்தும். அது நல்ல புத்தகம். அடுத்து அடுப்படியைப் பார்ப்பேன். யார் சமைக்கிறார்கள், யார் பேப்பர் படிக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். புத்தகத்து அம்மாக்கள் எல்லோரும் கரண்டியோடே நிற்க வேண்டியதில்லை. கடைசியாகக் கடைசிப் பக்கம். ‘ஆகவே குழந்தைகளே’ என்று ஒரு வரி இருந்தால் வைத்துவிடுவேன்.

நீங்கள் ஏற்கெனவே வாங்கிய அந்த நீதிக்கதைப் புத்தகங்களையும் தூக்கிப் போட வேண்டாம். படம் சுமாராக இருந்தாலும் கதை ஓடும். கடைசி வரியை வாசிக்காமல் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. பேராசைப்பட்ட நரி என்ன ஆனது என்று படத்திலேயே அவளுக்குத் தெரியும். ‘இந்த நரிய உனக்குப் பிடிச்சிருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் பிடிச்சிருக்கு என்பார்கள்.

இப்போது அத்தை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அவர்தான். புத்தகத்தைத் தொட மாட்டேன் என்று அவர் சொல்வதற்குக் காரணம் வெறுப்பாக இருக்காது. எழுத்து தெரியாதவர் கையில் புத்தகத்தைக் கொடுத்து ‘பாப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கத்தை’ என்றால், பேத்தி முன்னால் தலை குனிய வேண்டி வருமோ என்று கூச்சம் வரத்தான் செய்யும். வாசிக்கச் சொல்லாதீர்கள். கதை சொல்லுங்கள் என்றுகூடச் சொல்ல வேண்டாம், அதுவும் ஒரு வேலை கொடுப்பது மாதிரி ஆகிவிடும். அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் ஒரு புத்தகத்தைப் போட்டு வையுங்கள், எழுத்தே இல்லாத படப்புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்களும் பாப்பாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘அத்தை, இந்தப் பொம்பள கையில என்ன வச்சிருக்கு?’ என்று போகிற போக்கில் கேளுங்கள். படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு எழுத்து எதற்கு?

தறி வருகிற புத்தகம் ஏதாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். பெரும்பாலும் படத்தில் ஏதாவது தப்பு இருக்கும். ஓவியர்கள் போட்டோவைப் பார்த்து வரைபவர்கள், குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ‘காலைக் குழிக்குள்ள விட்டுல்ல உட்காரணும், இது என்ன சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு?’ என்று அவர் சிரித்தால், அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்ததை எந்த வகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அச்சில் வந்த புத்தகத்தைவிடத் தன் அப்பத்தாவுக்கு அதிகம் தெரியும் என்று பாப்பா பார்த்துவிடுகிறாள். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா எப்படி ஓடும், நெடுக்கு நூலான பாவை எப்படிப் பூட்டுவார்கள் என்று அவர் கையால் செய்து காட்டினால் கதை அங்கிருந்து தானாகப் போகும். நீங்கள் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

அடுத்து, பாப்பா தானாகக் கதை விடுவது. விடட்டும் என்பதுதான் என் பதில். அந்த வயதில் வாசிப்பு அப்படித்தான் தொடங்குகிறது. பக்கத்தைப் பார்க்கிறாள், இதற்கு முன் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று தனக்குள் சேர்க்கிறாள், அதை வாய்விட்டுச் சொல்கிறாள். எழுத்தைக் கூட்டி ஒலிப்பதைவிடக் கடினமான வேலை அது. கிரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிது: நீங்கள் வாசிப்பதைக் குறையுங்கள், ‘என்ன?’, ‘ஏன்?’ என்று கேளுங்கள், பிள்ளை சொன்னதை எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றப் பிள்ளைகளைவிட முன்னால் போயிருந்தார்கள். உங்கள் மகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே உங்களைக் கேட்பவராக உட்கார வைத்திருக்கிறாள். நாய் படத்தைக் காட்டி ‘இது சிங்கம், பசியில இளைச்சிருச்சு’ என்றால் திருத்தாதீர்கள். ‘அய்யோ, எத்தனை நாளாச் சாப்பிடல?’ என்று கேளுங்கள்.

அவள் நீங்கள் வாசிப்பதைக் கேட்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ‘சிறுமி உணவு உண்டுகொண்டிருந்தாள்’ என்று புத்தகம் சொல்கிறது. வீட்டில் யாராவது அப்படிப் பேசுகிறோமா? முதல் தடவை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். ‘பாப்பா சாப்ட்டுக்கிட்டு இருந்துச்சாம்.’ பாட்டி என்று எழுதியிருந்தால் அப்பத்தா என்றே வாசியுங்கள். புத்தகத்துக்குத் துரோகம் செய்வதாக நினைக்க வேண்டாம். கதை பிடித்துப்போய் ‘இன்னொரு தடவை’ என்று அவள் கேட்க ஆரம்பித்த பிறகு, அச்சில் இருக்கிறபடி வாசியுங்கள். கதை தெரிந்திருப்பதால் புத்தகத் தமிழ் அவளை மிரட்டாது. ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் சலிக்காமல் வாசிக்க வேண்டியது இதற்காகத்தான். உங்களுக்குச் சலிக்கும், அது வேறு விஷயம். அந்த நேரத்தில் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஃபோனிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கில எழுத்துகளை ஒலியோடு பழக்குகிற முறை அது, பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவார்கள். நாலரை வயதில் தனி வகுப்புக்கு ஓட வேண்டிய அவசரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து படப்புத்தகத்தை எழுத்து கற்பிக்கும் கருவியாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘இது என்ன எழுத்து, சொல்லு’ என்று பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினால் அவள் புத்தகத்தையே மூடிவிடுவாள்.

எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு புத்தகம் உங்களுக்கு வேண்டும். அதை நீங்களே செய்யலாம். உலகத்தில் பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கம், பெரிய தாளை மடித்து அச்சிடுவதால் வருகிற கணக்கு அது. நம் ஊரில் 16, 24 பக்கத்திலும் போடுவார்கள். உங்களுக்கு 16 போதும். நான்கு ஏ4 தாளை ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். தைக்கும் வேலை அத்தைக்கு. கதை பாப்பா சொல்வாள், அவள் சொல்கிற அதே சொற்களில் நீங்கள் எழுதுங்கள், இலக்கணம் பார்க்காமல். அப்பாவின் கடையில் ஒரு நாள் என்று இருக்கலாம். உடைந்த செல்போனுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டால் பாதிப் புத்தகம் முடிந்துவிடும். அப்பாவை வரையும்போது மூக்கு எப்படி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஓடிப்போய் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். அப்பத்தாவையும் அப்படி எதிரில் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். மஞ்சள் பென்சிலை ஒளித்து வைக்க வேண்டாம், சேலைக் கரைக்குத் தேவைப்படும்.

ஆங்கிலப் புத்தகங்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோபத்தில் கட்டிப் பரணில் போட்டுவிடுவீர்களோ என்று சந்தேகம். இருக்கட்டும். இங்கே ஒரு தலைமுறையே கம்பளித் தொப்பியும் பனிச் சறுக்கும் நிறைந்த ரஷ்யப் புத்தகங்களைத் தமிழில் வாசித்துச் சந்தோஷமாக வளர்ந்தது. தூர தேசத்துப் பாட்டிகளைத் தெரிந்துகொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. உங்களிடம் இருக்கிற ஆங்கிலப் புத்தகங்களையும் தமிழிலேயே சொல்லலாம், படம் மொழி கேட்காது.

பிறந்தநாளுக்குப் புத்தகம் தாராளமாகக் கொடுங்கள். மெலிசான தமிழ்ப் படப்புத்தகங்களாக, எல்லாம் வேறு வேறு தலைப்பில் வாங்குங்கள். ஒரே புத்தகத்தில் பதினைந்து பிரதி வேண்டாம். பொட்டலம் கட்டாமல் பாயில் பரப்பி வைத்து, வருகிற பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அதன் தலைப்பைக் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். ஐந்து வயதுக்காரர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று எங்களைப் போன்ற பதிப்பாசிரியர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அன்புடன்,
குழந்தைகள் புத்தகப் பதிப்பாசிரியர்